காரணமும் முடிவும்

வாக்கியத்தைப் பிரித்து எழுவாய், பயனிலை, செயப்படுபொருள் என்று குறிப்பது தேர்வுக்கு மட்டும் உரிய வேலை என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். ஒருவர் காட்டும் காரணம் அவர் கூறும் முடிவுக்குப் பொருந்துமா என்று அறியவும் அந்தப் பயிற்சியே நமக்குத் துணை செய்கிறது.

முதலில் சிறு சொற்களைக் கவனிப்போம். "படித்தால் தேறலாம்", "படித்தால்தான் தேறலாம்" ஆகிய இரண்டும் ஒன்றல்ல. முன்னது, படிப்பே போதும் என்கிறது. பின்னது, படிக்காமல் தேற முடியாது என்கிறது. படித்தவர் அனைவரும் தேறுவர் என்று அது கூறவில்லை. 'தான்' என்னும் ஓர் இடைச்சொல் செய்த மாற்றம் இது.

"எல்லாரும் வரவில்லை" என்பதில் உள்ள 'உம்' முற்றும்மை. முற்றும்மை சில இடங்களில் எச்சப் பொருளும் தரும் என்பது நன்னூல் விதி. ஆகவே, 'சிலர் வந்தனர்' என்றும் இதற்குப் பொருள் கொள்ளலாம். எவருமே வராதபோது "ஒருவரும் வரவில்லை" என்று கூறுவதே தெளிவு.

இனி, வாக்கியங்கள் சேர்ந்து வாதமாவதைக் காண்போம். மணிமேகலையின் 29ஆம் காதையில் அறவண அடிகள் வாதத்தின் ஐந்து உறுப்புகளை விளக்குகிறார். இம்மலையில் நெருப்பு உண்டு என்பது பக்கம். புகை இருப்பதால் என்பது ஏது. அடுக்களையைப் போல என்பது திட்டாந்தம். இம்மலையிலும் புகை இருக்கிறது என்பது உபநயம். ஆகவே நெருப்பு உண்டு என்பது நிகமனம். புகை உள்ள இடமெல்லாம் நெருப்பு உண்டு என்பதால் இவ்வாதம் நிற்கிறது. இதைத் திருப்பிப் போட்டால் நிற்காது. பழுக்கக் காய்ச்சிய இரும்பில் நெருப்பு உண்டு, புகை இல்லை.

இப்போது நம் வகுப்பறைக்கு வருவோம். ஒரு பேனா காணாமற்போகிறது. "அவள்தான் கடைசியாக வெளியே வந்தாள், ஆகவே அவள்தான் எடுத்தாள்" என்கிறாள் ஒருத்தி. முடிவு, அவள் எடுத்தாள் என்பது. காரணம், கடைசியாக வந்தாள் என்பது. இரண்டையும் இணைக்கும் வாக்கியம் எங்கே? 'கடைசியாக வருபவர் எவரும் திருடுவார்' என்பதே அது. வாய்விட்டுச் சொன்னால் ஒருவரும் ஒப்பமாட்டோம். எடுக்க அவளுக்கு வாய்ப்பு இருந்தது என்பது மட்டுமே தெரிகிறது. பேனா அதற்கு முன்பே தொலைந்திருக்கலாம். சொல்லாமல் விட்ட ஒரு வாக்கியத்தால் ஒரு தோழியின் நற்பெயர் கெடலாமா?

பயிற்சி: இவற்றுள் எது சரியான வாதம்?

1. மழை பெய்தால் முற்றம் நனையும். முற்றம் நனைந்திருக்கிறது. ஆகவே மழை பெய்தது.

2. மழை பெய்தால் முற்றம் நனையும். முற்றம் நனையவில்லை. ஆகவே மழை பெய்யவில்லை.

3. பாட்டுப் பயில்வோருள் சிலர் நடனமும் பயில்கின்றனர். கமலா பாட்டுப் பயில்கிறாள். ஆகவே அவள் நடனமும் பயில்கிறாள்.

விடை: இரண்டாவது மட்டுமே சரி. முதலாவதில், யாரேனும் கோலமிட நீர் தெளித்திருக்கலாம். மூன்றாவதில், அந்தச் 'சில'ருள் கமலா ஒருத்தி என்று யார் சொன்னார்?

ஒருவர்மீது குற்றம் சொல்ல வாய் திறக்கும் முன், 'ஆகவே' என்னும் சொல்லுக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். இலக்கண வகுப்பு நமக்குத் தரும் பெரிய பயன் அதுவே.