பொய் இரையால் விரால் பிடிக்கப் பழக்குதல்

வயலை விட்டு வந்த குடும்பத்தில் ஒருவர் கூலிக்குப் போனால், மற்றவருக்குக் கறிமீன் பிடிக்கத் தெரிந்திருக்க வேண்டும். அருவி ஆற்றோரம் இருப்போருக்கு விரால் ஏற்றது. அசைவதைக் கண்டு பாய்வதால் அது பொய் இரைக்கும் அகப்படும். பழைய தேக்கரண்டியின் காம்பை வெட்டி, இரு முனையிலும் துளையிட்டு, ஒன்றில் தங்கூசி நூலையும் மற்றதில் தூண்டில் முள்ளையும் கட்டுங்கள். நூலை வெற்றுப் பால்மாப் பேணியில் சுற்றுங்கள்.

முதல் நாள் முள்ளில்லாமல் தரையில் எறிந்து பழகட்டும். பிறகு ஆற்றில், தாமரை இலை ஓரமாக எறிந்து, சற்று இழுத்துச் சற்று நிறுத்தட்டும். மீன் கொத்தியதும் நூலைப் பறிக்காதீர்கள் (கணவன்மார் அநேகமாகப் பறித்துவிடுவர்!). தப்பினால் தப்பட்டும், கை அப்படித்தான் பழகும்.

செந்நிறக் குஞ்சுக் கூட்டம் தெரிந்தால் அங்கே எறிய வேண்டாம். காவல் நிற்கும் பெரிய மீனைப் பிடித்தால் குஞ்சுகள் அழிந்துபோகும். கரண்டி கொடியில் சிக்கினால் எடுக்க இறங்காதீர்கள், முதலை உண்டு. நூலை அறுத்துவிடுங்கள், வேறு கரண்டி செய்யலாம்.