வீட்டில் ஓர் எழுத்து மேசை: எந்தப் பலகை நிலைக்கும்?

தோட்டம் செய்கிறவன் வீட்டுக்கு மேசை எதற்கு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நாம் அவர்களிடம் திருப்பிக் கேட்பது இதுதான்: உங்கள் காணி உறுதி எங்கே இருக்கிறது? பிள்ளைகளின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் எங்கே? கடன் புத்தகமும் மாதர் சங்கக் கணக்குக் கொப்பியும் எங்கே? பல வீடுகளில் இவையெல்லாம் கூரைத் தடியில் தொங்கும் ஒரு பையில் இருக்கின்றன. 1995 ஒக்டோபரில் வலிகாமத்தை விட்டு இரவோடிரவாக வெளியேறியவர்களுக்கும், 2009 வரை வன்னியில் இடத்துக்கு இடம் ஓடியவர்களுக்கும் அந்தப் பைதான் அலுவலகமாக இருந்தது. அதை நாம் குறை சொல்ல மாட்டோம். ஆயினும் ஓரிடத்தில் இருக்கத் தொடங்கிய பின், எழுதவும் பிள்ளை படிக்கவும் பத்திரங்களைக் காக்கவும் ஒரு மேசை வேண்டும்.

கடைகளில் மலிவாகக் கிடைப்பது சிப்போட் மேசை. மரச் சிராய்களையும் தூளையும் பசையோடு கலந்து, சூடாக்கி அழுத்திச் செய்த பலகை அது. மேலே மரம்போலத் தெரிவது பிசின் ஊட்டிய மெல்லிய கடதாசி. நனையாத, நல்ல நிலம் போட்ட வீட்டில் இது பல வருடம் இருக்கும். எமது வீடுகள் பலவற்றின் நிலமோ மண், அல்லது அரைகுறையாகப் பூசிய சீமெந்து. மாரியில் ஈரம் கீழிருந்து ஏறும். மூடாத விளிம்பால் தண்ணீர் புகுந்தால் சிப்போட் பாண்போல ஊதிவிடும். காய்ந்த பின்னும் பழைய அளவுக்குத் திரும்பாது. இன்னொரு குறையும் உண்டு. திருகாணியை ஒருமுறை கழற்றினால் அதே துளையில் மறுபடி நன்றாக இறுகாது. வீடு மாற வேண்டி வரக்கூடிய குடும்பம் இதை யோசிக்க வேண்டும். மீள்குடியேறிய ஒரு வீட்டில், மாரி முடியும்போது லாச்சியின் அடி கழன்று, உள்ளிருந்த பத்திரங்கள் ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்ததைக் கண்டோம். மேசைக்குத் தவணைப் பணம் இன்னும் கட்டி முடியவில்லை.

ஒட்டுப்பலகை இதைவிட மேலானது. மெல்லிய மரத் தகடுகளை, நார் ஒன்றுக்கொன்று குறுக்காக வரும்படி அடுக்கி ஒட்டியிருப்பார்கள். வாங்கும்போது விளிம்பைப் பாருங்கள். அடுக்குகள் கோடுகோடாகத் தெரிந்தால் ஒட்டுப்பலகை. தூளாகத் தெரிந்தால் சிப்போட். எதுவானாலும் விளிம்புகளுக்கு இரண்டு முறை பூச்சுப் பூசாமல் வீட்டுக்குள் வைக்க வேண்டாம்.

எம்மைக் கேட்டால், ஊரில் உள்ள மரமே முதல் தெரிவு. வேம்பின் கசப்பைக் கறையான் எளிதில் நெருங்காது. ஆனால் பச்சையாக அறுத்துச் செய்தால் வளையும், வெடிக்கும். பலகைகளுக்கிடையே சிறு தடிகள் வைத்து நிழலில் அடுக்கி, சில மாதம் காயவிட்ட பிறகே தச்சரிடம் கொடுக்க வேண்டும். பனையில் முதிர்ந்த மரத்தின் வெளிப்புற வைரம் மட்டுமே உதவும், உள்ளே சோறுதான். மேசைக் காலுக்கு அது அருமையானது. மேற்பலகைக்கு வேண்டாம், சிராய் கிளம்பிக் கொப்பியைக் கிழிக்கும். ஆணி அடித்தால் பிளக்கும் என்பதால் முதலில் துளை போடச் சொல்லுங்கள். பலா, பெண்பனை தறிப்பதற்கும் மரம் ஏற்றிச் செல்வதற்கும் அனுமதி தேவை. முன்கூட்டியே கிராம அலுவலரிடம் விசாரியுங்கள். தெற்கிலிருந்து வரும் இறப்பர் மரம் போரன் மருந்து ஏற்றியதானால் நல்லது. மருந்து ஏற்றாததை வண்டு துளைத்து மாப்போலக் கொட்டும்.

பழைய கதவு, யன்னல் பலகைகளை விட்டுவிடாதீர்கள். பல வருடம் காய்ந்த மரம் இனி வளையாது. பொருட்கள் ஏற்றி வரும் மரத் தட்டுகளும் மலிவாகக் கிடைக்கும். அவற்றில் எச்.டி. என்ற ஆங்கில எழுத்து முத்திரை இருந்தால் சூடேற்றிப் பூச்சி போக்கியது. எம்.பி. என்றிருந்தால் நச்சுப் புகை அடித்தது, வாங்க வேண்டாம்.

கதிரையில் இருந்து எழுதும் மேசைக்கு 28 முதல் 30 அங்குல உயரம் வேண்டும். அவ்வளவு மரத்துக்குப் பணம் இல்லாவிட்டால், முன்னைய கடைக் கணக்குப்பிள்ளைமார் வைத்திருந்ததுபோல, சம்மணமிட்டிருந்து எழுதும் சாய்வுப் பெட்டியைச் செய்விக்கலாம். இரண்டடி நீளம், 10 அல்லது 12 அங்குல உயரம் போதும். மூடிமேல் பிள்ளை எழுதும். உள்ளே உறுதியும் கொப்பிகளும் பிளாஸ்ரிக் உறையில் இருக்கும். அவசரத்துக்கு இரண்டுபேர் தூக்கிச் செல்லலாம். பெட்டியை நிலத்தில் நேரே வைக்காமல் நான்கு கற்களின் மேல், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள்.

உயர்ந்த மேசையானால் ஒவ்வொரு காலையும் பால்மாப் பேணிக்குள் நிறுத்தி, சாம்பலோ கழிவு எண்ணெயோ போடலாம். தண்ணீர் விட வேண்டாம். கறையான் வராவிட்டாலும் நுளம்பு முட்டையிடும்.