செயற்றிட்டக் கட்டமைப்பில் மக்ரோக்களும் கட்டுதல் நிகழ்வுகளும்

வெள்ளவத்தையில் வசிக்கும் மாணவி ஒருவர், சிறிய பலசரக்குக் கடையொன்றுக்கான பற்றுச்சீட்டுச் செய்நிரலை விசுவல் பேசிக் மொழியில் வீட்டுக் கணினியில் எழுதுகிறார் எனக் கொள்வோம். பொருட்களின் விலைகள் விலை.டிஎக்ஸ்டி என்ற கோப்பில் உள்ளன. வீட்டில் செய்நிரல் பிழையின்றி இயங்குகிறது. செயற்றிட்டக் கோப்புறையைப் பென் டிரைவில் பிரதிசெய்து கொட்டாஞ்சேனையிலுள்ள தமது பாடசாலைக்குக் கொண்டு செல்கிறார். புள்ளியிடும் ஆசிரியர் அருகில் நிற்க, கணினி ஆய்வுகூடத்தில் அதைத் திறந்து இயக்குகிறார். திரையில் தோன்றுவது ஒரு வழுச்செய்தி: கோப்பைக் காணவில்லை.

மாணவியின் தருக்கத்தில் தவறில்லை. கூட்டலும் பெருக்கலும் சரியானவையே. வழு இருப்பது செயற்றிட்டத்தின் கட்டமைப்பில். சி:\யூசர்ஸ்\வீட்டுக் கணினி\கடை என்ற முழுப்பாதையை அவர் எழுதி வைத்திருந்தார். அப்படியொரு கோப்புறை பாடசாலைக் கணினியில் கிடையாது. இவ்வாறான இடரைத் தவிர்க்க உதவும் இரண்டு வசதிகளை இப்பாடத்தில் நோக்குவோம்.

கட்டுதல் என்றால் என்ன?

தொகுப்பி மூலக் குறிமுறையைப் பொறிமொழிக்கு மாற்றும் என ஏற்கெனவே கற்றுள்ளீர்கள். உண்மையான செயற்றிட்டமொன்றில் தொகுப்பியின் வேலை ஒரு படி மாத்திரமே. தேவையான கோப்புகளைத் திரட்டல், தொகுத்தல், இணைத்தல், விளைவை உரிய கோப்புறையில் இடல் ஆகிய அனைத்தும் சேர்ந்ததே கட்டுதல் ஆகும். விசுவல் ஸ்டூடியோவின் பட்டியில் இது பில்ட் எனக் காணப்படும்.

இப்படிகளை மனிதர் ஞாபகத்தில் வைத்துச் செய்தால் என்ன நடக்கும் என்பதற்குப் புகழ்பெற்ற சம்பவம் ஒன்று உண்டு. 1970களின் நடுப்பகுதியில், அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் ஸ்டீவ் ஜோன்சன் என்பவர் தமது செய்நிரலின் வழுவொன்றைத் தேடிக் காலைப்பொழுது முழுவதையும் செலவிட்டார். வழுவை அவர் ஏற்கெனவே திருத்தியிருந்தார்! திருத்திய கோப்பை மீண்டும் தொகுக்கவே மறந்துவிட்டார். ஆகவே பழைய பொருட் குறிமுறையே இயங்கிக் கொண்டிருந்தது. அதே ஆய்வுகூடத்தில் பணியாற்றிய ஸ்டுவர்ட் ஃபெல்ட்மன் இதைக் கேட்டு, 1976 இல் மேக் என்ற கருவியை ஆக்கினார். மூலக் கோப்பு திருத்தப்பட்ட நேரத்தையும் விளைவுக் கோப்பின் நேரத்தையும் மேக் ஒப்பிடும். மூலக் கோப்பு புதியதாயின் மீண்டும் தொகுக்கும். இதற்காக ஃபெல்ட்மனுக்குக் கணிப்பொறிச் சங்கமான ஏசிஎம்மின் 2003 ஆம் ஆண்டுக்கான மென்பொருட் தொகுதி விருது கிடைத்தது. ஒரு மனிதரின் வீணான காலைப்பொழுதிலிருந்து பிறந்த கருவி இன்றும் பயன்பாட்டில் உள்ளது.

மக்ரோ

மக்ரோ என்பது ஒரு பெறுமானத்துக்கு இடப்பட்ட பெயராகும். கட்டுதல் நடைபெறும்போது அப்பெயர் நீக்கப்பட்டு, அவ்விடத்தில் அந்தக் கணினிக்குரிய உண்மையான பெறுமானம் இடப்படும். விசுவல் ஸ்டூடியோவில் டொலர் குறியீட்டை அடுத்து அடைப்புக்குறிக்குள் பெயர் எழுதப்படும். புரொஜெக்ட்டிர் என்ற மக்ரோ செயற்றிட்டக் கோப்பு உள்ள கோப்புறையைக் குறிக்கும். டார்கெட்டிர் என்பது கட்டி முடித்த கோப்பு இடப்படும் கோப்புறை. டார்கெட்பாத் அக்கோப்பின் பெயருடன் கூடிய முழுப்பாதை. கொன்ஃபிகரேஷன்நேம் நீங்கள் கட்டுவது டிபக் வகையா, ரிலீஸ் வகையா என்பதைத் தரும். ஏனையவை பெரும்பாலும் இவற்றின் மாறுபாடுகளே.

இப்பெயர்களை இங்கு தமிழெழுத்தில் தந்துள்ளோம். கணினியில் ஆங்கில எழுத்துக்களிலேயே இட வேண்டும். எழுத்துக்கூட்டல் பற்றிய கவலை வேண்டாம். கட்டளையை எழுதும் சாளரத்திலேயே மக்ரோஸ் என்ற பொத்தான் உண்டு. அதை அழுத்தினால் ஒவ்வொரு மக்ரோவும் அதன் தற்போதைய பெறுமானமும் பட்டியலாகத் தெரியும். அப்பட்டியலை ஒருமுறை வாசிப்பது இந்தப் பந்தியைப் பத்துமுறை வாசிப்பதிலும் பயனுள்ளது.

முகவரிக்குப் பதிலாகப் பெயரை எழுதும் இந்த முறைக்கு நம் நாட்டிலேயே நல்ல உதாரணம் உண்டு. அப்பாச்சி நிறுவகத்தின் அக்சிஸ்2/சி என்ற இணையச்சேவை மென்பொருளின் ஆக்கத்தில் இலங்கைப் பொறியியலாளர்கள் பெரும்பங்கு வகித்தனர். கொழும்பில் இயங்கிய லங்கா சொஃப்ட்வெயார் பவுண்டேஷன், 2005 இல் தொடங்கப்பட்ட டபிள்யூஎஸ்ஓ2 ஆகியவற்றைச் சேர்ந்தோரும் இவர்களில் அடங்குவர். அதன் முதலாவது முழுப் பதிப்பு 2007 இல் வெளியானது. அதை விண்டோஸ் கணினியில் கட்டுவதற்கு லிப்எக்ஸ்எம்எல்2, ஐகொன்வ், ஸிலிப் போன்ற நூலகங்கள் எங்கே உள்ளன என்பது தெரிய வேண்டும். அவ்விடங்கள் ஒரேயொரு அமைப்புக் கோப்பில் மக்ரோக்களாக எழுதப்பட்டிருந்தன. மென்பொருளைத் தரவிறக்கியவர் அந்தச் சில வரிகளைத் தமது கணினிக்கு ஏற்ப மாற்றி ஒரு கட்டளையை இட்டால் போதும். டிப்ளோய் என்ற கோப்புறையில் எல்லாம் தயாராகும்.

கட்டுதல் நிகழ்வு

தொகுப்பதற்கு முன்னரோ கட்டி முடிந்த பின்னரோ தானாக நிறைவேறும் கட்டளை கட்டுதல் நிகழ்வு எனப்படும். முன்நிகழ்வு, பின்நிகழ்வு என இது இருவகைப்படும். விசுவல் பேசிக் செயற்றிட்டத்தின் பண்புகளில் கொம்பைல் பகுதியிலுள்ள பில்ட் ஈவன்ட்ஸ் பொத்தானை அழுத்தினால் இரண்டுக்குமான பெட்டிகள் தோன்றும். நமது மாணவி பின்நிகழ்வுப் பெட்டியில் இவ்வாறு எழுதலாம்:

எக்ஸ்கொப்பி /டி /வை "$(புரொஜெக்ட்டிர்)விலை.டிஎக்ஸ்டி" "$(டார்கெட்டிர்)"

இவ்வரியின் ஒவ்வொரு குறியும் காரணத்துடன் வந்தது. மேற்கோட்குறிகள் இல்லாவிடின், 'வீட்டுக் கணினி' என்பதிலுள்ள இடைவெளியில் பாதை இரண்டாக வெட்டப்பட்டுவிடும். புரொஜெக்ட்டிர் பின்சாய்கோட்டுடனேயே முடிவடைவதால் அடுத்து நாம் இன்னொன்று இடவில்லை. /வை என்பது, பழைய பிரதிக்கு மேலாக எழுதலாமா என்று கேளாமல் எழுதச் செய்யும். /டி என்பது மூலக் கோப்பு புதியதாயின் மாத்திரம் பிரதிசெய்யும். இதை மறந்தவர்கள், செய்நிரலை இயக்கித் தாம் உள்ளிட்ட தரவுகள் அடுத்த கட்டுதலின் பின் மாயமாய் மறைந்ததைக் கண்டு திகைப்பதுண்டு. உண்மையில் வெறுமையான பழைய கோப்பு அவற்றின் மேல் எழுதப்பட்டிருக்கும்.

ஒரேயொரு கோப்பைப் பிரதிசெய்வதற்கு நிகழ்வு தேவைதானா எனக் கேட்கலாம். தேவையில்லை. அக்கோப்பின் பண்புகளில் 'புதியதாயின் பிரதிசெய்' என்ற தெரிவே போதும். பல கோப்புகளைக் கையாளும்போதும், வேறு செய்நிரலொன்றை இயக்க வேண்டியிருக்கும்போதும் நிகழ்வைப் பயன்படுத்துங்கள்.

கட்டளை வெற்றியளித்தால் 0 என்ற எண்ணைத் திருப்பும். வேறு எண் வந்தால் கட்டுதல் தோல்வியென அறிவிக்கப்படும். 9009 எனில் அப்பெயரில் கட்டளையே இல்லை, பெரும்பாலும் எழுத்துப்பிழை. எக்ஸ்கொப்பி 4 எனத் திருப்பினால் பாதையையும் மேற்கோட்குறிகளையும் முதலில் பாருங்கள். பின்நிகழ்வு தோல்வியுற்றபோதும் நிறைவேற்றத்தக்க கோப்பு ஏற்கெனவே உருவாகியிருக்கும். அதை இயக்கிப் பார்த்துவிட்டு 'எல்லாம் சரி' என எண்ண வேண்டாம். தொகுதிக் கோப்பு ஒன்றை நிகழ்விலிருந்து இயக்குவதாயின் அதன் முன் கோல் என்ற சொல்லை இட வேண்டும். இல்லையேல் அதற்கு அடுத்த வரிகள் நிறைவேறா.

மாணவர் பலர் தடுமாறும் இடம் ஒன்றுண்டு. மக்ரோ கட்டும் நேரத்துக்கு மாத்திரம் உரியது. செய்நிரல் இயங்கும்போது டார்கெட்டிர் என்ற ஒன்று இல்லை. எனவே மூலக் குறிமுறையினுள் மக்ரோவை எழுதிப் பயனில்லை. தான் இருக்கும் கோப்புறையிலேயே விலை.டிஎக்ஸ்டியைத் தேடுமாறு செய்நிரலை எழுத வேண்டும். அக்கோப்பை அங்கே கொண்டு சேர்ப்பது நிகழ்வின் வேலை. இரண்டில் ஒன்று குறைந்தாலும் கொட்டாஞ்சேனையில் அதே வழுச்செய்தி வரும்.

கையால் பிரதிசெய்வதன் அபாயம் பாடசாலையுடன் நிற்பதில்லை. 2012 ஓகஸ்ட் 1 ஆம் திகதி நைட் கெப்பிட்டல் என்ற அமெரிக்கப் பங்குத் தரகு நிறுவனத்தில் 8 சேவையகங்களில் ஒன்றுக்கு மாத்திரம் புதிய குறிமுறை பிரதிசெய்யப்படாமல் விடுபட்டிருந்தது. அதிலிருந்த பழைய குறிமுறை ஏறத்தாழ 45 நிமிடங்கள் தவறான கட்டளைகளை அனுப்பியது. இழப்பு 46 கோடி டொலருக்கும் அதிகம்.

மாதிரி வினா

மாணவர் ஒருவர் பின்நிகழ்வில் டி:\செயற்றிட்டம்\விலை.டிஎக்ஸ்டி என எழுதியுள்ளார். பாடசாலைக் கணினியில் டி இயக்ககம் இல்லை.

(அ) கட்டும்போது என்ன நிகழும்?
(ஆ) அவர் எதை மாற்ற வேண்டும்?
(இ) மாற்றிய பின்னரும், செய்நிரலை இயக்கும்போது கோப்பைக் காணவில்லை என்ற செய்தி வந்தால் எங்கே தேடுவீர்கள்?

விடை: (அ) தொகுத்தல் நிறைவுறும், ஆனால் பிரதிசெய்யும் கட்டளை 0 அல்லாத எண்ணைத் திருப்புவதால் கட்டுதல் தோல்வியென அறிவிக்கப்படும். (ஆ) முழுப்பாதையை நீக்கி, மேற்கோட்குறிகளுக்குள் புரொஜெக்ட்டிர் மக்ரோவுடன் கோப்பின் பெயரை எழுத வேண்டும். (இ) மூலக் குறிமுறையில், கோப்பைத் திறக்கும் வரியில். அங்கும் டி இயக்ககத்தின் முழுப்பாதை எழுதப்பட்டிருக்கக்கூடும்.