மருந்தும் நாட்கூலியும்

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் தென்பெண்ணையாற்றின் கரையில் அமைந்த பேரூர் மணலூர்பேட்டை. ஆண்டுதோறும் தைத் திங்கள் ஐந்தாம் நாள் திருவண்ணாமலை இறைவன் தீர்த்தவாரிக்காக இவ்வூர் ஆற்றிற்கு எழுந்தருள்வார். அன்று ஆற்றுமணலில் செல்வரும் வறியரும் ஒருங்கே நிற்பர். நோயுற்ற காலத்திலோ அவர்கள் செல்லும் வழிகள் வெவ்வேறாகப் பிரிந்துவிடுகின்றன.

நிலமும் கடையும் உடையோர் காய்ச்சல் கண்ட அன்றே தனியார் மருத்துவரிடம் சென்று மீள்வர். வேண்டின் திருவண்ணாமலைக்கோ புதுச்சேரிக்கோ வண்டி அமர்த்திச் செல்வர். கூலி வேலை செய்வோர்க்கு ஆரம்ப சுகாதார நிலையமும் அரசு மருத்துவமனையுமே புகலிடம். அங்கே மருத்துவரைக் காணக் கட்டணம் இல்லை. மருந்துக்கும் விலை இல்லை. 1994இல் அமைந்த தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்துகளை மொத்தமாக வாங்கி, மாவட்டக் கிடங்குகளின் வழியே அரசு மருத்துவமனைகளுக்கு வழங்கி வருகின்றது. அவ்வாறாயின், ஏழையர் பலர் நோய் முற்றிய பின்னரே மருத்துவமனைக்கு வருவது ஏன்?

காலில் காயம்பட்ட கரும்பு வெட்டும் தொழிலாளி ஒருவரின் நிலையை நோக்குக. அவர் காலையிலேயே வயலில் நிற்க வேண்டியவர். புறநோயாளிகளைப் பார்க்கும் நேரமும் காலை நேரமே. வரிசையில் நின்று, மருத்துவரைக் கண்டு, கட்டுப் போட்டுக்கொண்டு வெளிவருவதற்குள் உச்சிப்பொழுது ஆகிவிடும். அன்றைய கூலி போயிற்று. மருந்து இலவசமே, அந்நாள் இலவசமன்று. ஆகவே மஞ்சளை அரைத்துப் பூசிக்கொண்டு வேலைக்குச் செல்கின்றார். வலி மிகுந்தால் கடையில் மாத்திரை வாங்கி விழுங்குகின்றார். இவரை அறியாமை உடையவர் என்று சொல்லிவிடுதல் எளிது. ஆனால் அது பொருந்தாது. அவர் கணக்கு நன்கறிந்தவர். அவர் வீட்டு அடுப்பில் உலை ஏறுவது அன்றன்றைய கூலியினால் அன்றோ? எனினும், நீரிழிவு நோயுடையார் காலில் உண்டான புண் காத்திருப்பதில்லை. தொடக்கத்தில் கட்டுப் போட்டு ஆற்றியிருக்கக்கூடிய புண், சில வாரம் கழிந்தபின் விரலையே எடுக்கும் நிலைக்கு வந்துவிடுவதுண்டு. ஒருநாட் கூலியைக் காத்தவர் பல திங்களின் உழைப்பை இழக்கின்றார்.

திருவள்ளுவர் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தின் முடிவில் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுத்தார். நோயாளி, மருத்துவர், மருந்து என்னும் மூன்றோடு, அருகிருந்து பணிசெய்வாரையும் சேர்த்து எண்ணினார். இந்த நான்காம் கூற்றைப் பலர் மறந்துவிடுகின்றனர். மருத்துவமனையில் கிடக்கும் கணவர்க்குத் துணையிருக்கும் மனைவியும் களையெடுப்புக் கூலியை இழந்தவரே. ஒருவர் நோய்க்கு இருவர் ஊதியம் போகின்றது. அரசின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் அறுவை முதலிய பெருஞ்செலவுகளை ஏற்கும். துணையிருப்பார் இழக்கும் கூலியை ஏற்பதில்லை.

இழக்கும் கூலியையும் கருதிச் செய்த ஏற்பாடு ஒன்று உண்டு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரால் 1987இல் தொடங்கிய மகப்பேறு உதவித் திட்டம் அது. ஏழைத் தாய்மார் பேறுகாலத்தில் இழக்கும் ஊதியத்தை ஈடுசெய்வதும், அவர்க்குச் சத்துணவு கிடைக்கச் செய்வதும் அதன் நோக்கம். 2018 முதல் அவ்வுதவியின் மதிப்பு 18,000 ரூபாயாயிற்று. 2019–21 ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 100க்கு 99.6 பேறுகள் மருத்துவ நிலையங்களிலேயே நிகழ்ந்தன. இதற்கு அத்தொகை ஒன்றே காரணம் என்பது மிகையாகும். இரவும் பகலும் பணிபுரியும் செவிலியரும், 2008இல் வந்த 108 ஊர்தியும், சாலைகளும் துணைநின்றன. பேறுகாலம் நாள் குறித்து வருவது; காற்புண்ணைப் போல் நாளைக்கு என்று தள்ளிவைக்கவும் இயலாது.

தள்ளிவைக்கப்படும் நோய்களுக்காக, 2021 ஆகஸ்டு 5ஆம் நாள் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கப்பட்டது. நீரிழிவுக்கும் குருதி அழுத்தத்திற்கும் உரிய மாத்திரைகளை இத்திட்டத்தின் பெண் பணியாளர்கள் வீடு தேடிச் சென்று கொடுக்கின்றனர். பகலில் கதவு பூட்டிக் கிடப்பின் மாலையில் மீண்டும் வரவேண்டியதுதான். கரும்பு வெட்டச் சென்றவர் வீடு திரும்பும் நேரம் அதுவே.