அடுக்களையில் ஓர் அலங்காரப் பெட்டி

அன்புள்ள யாழினிக்கு,

பெரியம்மா எழுதுவது. தை மாதம் அக்கா கல்யாணத்துக்குக் கடைச் சாமான் எதுவும் வாங்காமல், வீட்டில் இருப்பதை வைத்தே மொத்த ஒப்பனையும் செய்துகொள்ளப் போவதாக எழுதி, ஒரு நீளப் பட்டியலும் அனுப்பியிருந்தாய். பார்லர் நடத்தியவள், கட்டாயம் தடுப்பாள் என்று உன் அம்மா நம்பியிருக்கிறாள். நான் தடுக்கவில்லை. பட்டியலில் பாதியை மட்டும் அடித்துவிட்டேன். ஏன் என்று சொல்கிறேன்.

உன் அம்மாச்சி மாதக்கணக்கில் வைத்துப் புழங்கிய சாமான்களை நினைத்துப் பார். சாந்து, கண்மை, பூசுமஞ்சள், சந்தனக்கட்டை. இவற்றில் எதிலாவது ஈரம் உண்டா? சாந்து வெயிலில் காய்ந்தது. மை எண்ணெயில் குழைத்தது. மஞ்சளும் சந்தனமும் கட்டையாகவே கிடக்கும், வேண்டும்போது கல்லில் உரைத்துக்கொள்வார்கள். தண்ணீர் இருக்கும் இடத்தில்தான் பூஞ்சையும் கிருமியும் பிடிக்கும். கடைக் கிரீமில் தண்ணீர் இருக்கிறது, அதனால்தான் கெடாமல் காக்கும் ரசாயனமும் சேர்க்கிறார்கள். நீ பாட்டிலில் அடைத்துவைக்க நினைக்கும் பீட்ரூட் சாற்றுக்கும் கற்றாழைச் சோற்றுக்கும் அந்தக் காவல் கிடையாது. ஈரமானதை அன்றைக்குச் செய்து அன்றைக்கே தீர்த்துவிடு. உலர்ந்ததையும் எண்ணெயில் செய்ததையும் மட்டும் சேர்த்து வை. வீட்டு ஒப்பனைக்கு இந்த ஒரு சட்டம் போதும்.

சாந்திலிருந்து தொடங்கு. இரும்புச் சட்டியில் ஒரு கைப்பிடி ஜவ்வரிசியைப் போட்டு, நிதானமான தீயில் வறுத்துக்கொண்டே இரு. வெள்ளை போய்ப் பழுப்பாகி, பிறகு புகை கிளம்பிக் கருகும். இன்னும் விட்டால் உருகி ஒன்றோடொன்று ஒட்டித் தார் மாதிரி ஆகிவிடும். அப்போது தள்ளி நின்று தண்ணீர் ஊற்று, சுர்ரென்று தெறிக்கும். கட்டி கரையும்வரை கொதிக்கவைத்து, மெல்லிய துணியில் வடிகட்டி, மறுபடி அடுப்பில் ஏற்றிக் குறுக்கு. கரண்டியிலிருந்து சொட்டாமல் நூலாக இறங்கினால் பதம். சுரண்டிச் சுத்தம் செய்த கொட்டாங்கச்சியில் மெல்லிய படலமாக ஊற்றி வெயிலில் வை. காய்ந்ததும் அதன்மேல் அடுத்த படலம். தடிமனாக ஒரே தடவையில் ஊற்றினால் மேலே காய்ந்து அடியில் புளித்துப்போகும். பொட்டு வைக்கும்போது விரலைத் தண்ணீரில் நனைத்து ஒரு தேய் தேய்த்தால் கறுப்பு வரும். ஸ்டிக்கர் பொட்டின் பசையால் நெற்றியில் வெள்ளைத் தழும்பு விழுந்த பெண்கள் எத்தனையோ பேர் என்னிடம் வந்திருக்கிறார்கள். அவர்களுக்கெல்லாம் இதைத்தான் சொல்லுவேன்.

கண்மை உன் பட்டியலில் முதலில் இருக்கிறது. பழைய வெள்ளை வேட்டித் துணியைக் கரிசலாங்கண்ணிச் சாற்றில் நனைத்து நிழலில் உலர்த்தித் திரியாக்கு. அகலில் விளக்கெண்ணெய் ஊற்றி ஏற்று. இரண்டு பக்கமும் டம்ளரைக் கவிழ்த்து, அவற்றின்மேல் பித்தளைத் தட்டைக் குப்புற வை. சுடருக்குக் காற்றுப் போக இடம் விடு. காலையில் தட்டில் படிந்திருக்கும் கரியை வழித்து, சொட்டு விளக்கெண்ணெயில் குழைத்தால் மை. செய்முறை இவ்வளவுதான், ஆனால் கண் விஷயம் என்பதால் கண்டிப்பாகச் சொல்கிறேன்: இமைமுடிக்கு வெளியே மட்டும் கோடு போடு, உள்விளிம்பில் இழுக்காதே. லென்ஸ் போடும் நாளில் வேண்டவே வேண்டாம். ஒரே டப்பாவை நாலு பேர் தொடக்கூடாது, கல்யாண வீட்டில் மெட்ராஸ் ஐ வந்தால் முதலில் அந்த டப்பாவைத்தான் தேடுவார்கள். சுர்மா என்று கல்லை அரைத்து விற்பது வேறு சாமான். அதில் பெரும்பாலும் ஈயம் இருக்கும், பக்கத்திலேயே போகாதே.

உதட்டுச் சாயம்தான் உன் பட்டியலில் மிகவும் குழம்பிக் கிடக்கிறது. தேங்காய் எண்ணெயும் தேன்மெழுகும் உருக்கி அதில் பீட்ரூட் சாறு ஊற்றச் சொன்னது யார்? பீட்ரூட்டின் சிவப்பு தண்ணீரில் கரைவது, எண்ணெயோடு சேராது. ஆறியதும் சாறு தனியே முத்து முத்தாக நிற்கும், இரண்டு நாளில் வாடை வரும். இரண்டையும் பிரித்துவிடு. ஒரு பங்கு மெழுகும் மூன்று பங்கு தேங்காய் எண்ணெயும் எடுத்து, கொதிநீரில் வைத்த கிண்ணத்தில் உருக்கு. மெழுகு உருகச் சுமார் 62 டிகிரி சூடு போதும், நேரடித் தீ வேண்டாம். தேங்காய் எண்ணெய் 25 டிகிரியிலேயே இளகிவிடும், அதைப் பிடித்து நிறுத்தத்தான் மெழுகு. சிறு டப்பாவில் ஊற்றி வைத்துக்கொள். கிளம்பும் நேரத்தில் பீட்ரூட் துண்டு ஒன்றை நறுக்கி உதட்டில் தேய்த்து, காய்ந்ததும் மேலே இந்த மெழுகைத் தடவு. நிறம் அடியில், பளபளப்பு மேலே. சாப்பாட்டுப் பந்தியில் கொஞ்சம் போகும், மறுபடி தேய்த்துக்கொள். மீதிப் பீட்ரூட் பொரியலுக்கு.

கன்னத்துக்குப் பீட்ரூட்டைச் சீவி நிழலில் சருகாக உலர்த்தி, நைசாக அரைத்துத் துணியில் சலித்துக்கொள். கூவை மாவு கலக்கச் சொல்கிறார்கள். நம் மாநிறத்துக்கு அது சாம்பல் பூத்ததுபோல் காட்டும். அதற்குப் பதில் சர்க்கரை சேர்க்காத கோகோ பொடி ஒரு சிட்டிகை கலந்து பார், எடுப்பாக இருக்கும். வியர்வையில் இந்த நிறம் வழியும். தைக் குளிருக்குத் தாங்கும், சித்திரைக் கல்யாணத்துக்கு நம்பாதே.

நகத்துக்கு மருதாணி இலைதான். கொஞ்சம் கொட்டைப்பாக்கு சேர்த்து அரைத்து இரவு வைத்தால் போதும். அசிட்டோன் வேண்டாம், சீசா வேண்டாம், நகம் வளர வளரத்தான் நிறம் போகும். மாதத்துக்கு மூன்று மில்லிமீட்டர்போல வளரும், ஆக மாசிவரை இருக்கும். உடனடிக் கறுப்பு என்று விற்கும் கோனைத் தொடாதே. அந்தக் கறுப்பு தலைச்சாயத்தில் போடும் ரசாயனம், தோலைக் கொப்பளிக்க வைக்கும்.

இனி அடித்தவை. எலுமிச்சைச் சாறு: தோலின் அமிலத்தன்மை சுமார் 5 பிஎச், எலுமிச்சை 2. தடவிக்கொண்டு வெயிலில் போனால் கரும்படை விழும். சமையல் சோடா எதிர்ப்பக்கத்துக் கேடு. உதடு தடிக்க லவங்கப்பட்டையும் மிளகாயும் வைப்பது சூடு போட்டுக்கொள்வதுதான். மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்தால் ஆரத்தித் தண்ணீர்போலச் சிவக்கும் என்பது சரி, அது தட்டில் இருக்கட்டும், சுண்ணாம்பு முகத்தை அரிக்கும். கோலத்துக்கு விற்கும் காவிப்பொடியும் கூடாது. வெயில் காப்புக் கிரீமை வீட்டில் செய்ய முடியாது, அதைக் கடையில் வாங்கு. இயற்கை என்றால் கெடுதல் இல்லை என்று எழுதியிருந்தாயே, கூத்தாடிகள் முகத்தில் பூசிய அரிதாரமும் பூமியில் தோண்டியெடுத்த இயற்கைச் சரக்குதான். அது கந்தகமும் ஆர்சனிக்கும் சேர்ந்த தாது.

அலமாரியில் இருக்கும் மூன்று லிப்ஸ்டிக்கையும் குப்பையில் போட்டுவிட்டுத்தான் இதில் இறங்க வேண்டுமா? எனக்கு அதில் சம்மதமில்லை. வாங்கியதைத் தீர்ப்பதுதான் முதல் சிக்கனம். திறந்து ஆறு மாதத்துக்கு மேலான மஸ்காராவை மட்டும் தூக்கிப்போடு, கண்ணுக்கு ஆகாது. ஜிகினாத் தூள் வாங்காதே. அது பிளாஸ்டிக், கழுவினால் நேரே சாக்கடைக்குப் போகும். ஐரோப்பிய ஒன்றியம் 2023-லேயே உதிரி பிளாஸ்டிக் ஜிகினாவுக்குத் தடை போட்டுவிட்டது. ஒப்பனையைக் கலைக்க ஈரத்துணிப் பொட்டலமும் வேண்டாம். தேங்காய் எண்ணெய் இரண்டு சொட்டு, அம்மாவின் பழைய நூல்புடவைத் துண்டு. துவைத்துத் துவைத்துப் பயன்படுத்தலாம்.

சின்னச் சின்ன டப்பாவில் போட்டுத் தோழிகளுக்கு விற்கலாமா என்று கடைசியில் கேட்டிருக்கிறாய். விற்பனைக்காக அழகுசாதனம் தயாரிக்க உரிமம் வேண்டும். 1940-ஆம் ஆண்டு மருந்து, அழகுசாதனச் சட்டமும் அதன்கீழ் வந்த 2020-ஆம் ஆண்டு விதிகளும் அதைத்தான் சொல்கின்றன. வீட்டு அடுக்களை என்பதற்கு விலக்குக் கிடையாது. அந்த ஆசை நிஜமாகவே இருந்தால் படிப்பை முடித்துவிட்டு வா, எப்படி விண்ணப்பிப்பது என்று உட்கார்ந்து பேசுவோம்.

எதைச் செய்தாலும் முழங்கை மடிப்பில் தடவி ஒரு நாள் பார்த்துவிட்டு முகத்துக்குக் கொண்டுபோ. கல்யாணத்தன்று காலையில் புதிதாக எதையும் முயலாதே. மார்கழி பிறப்பதற்குள் சாந்தைக் காய்ச்சிவிடு, பிறகு வெயில் சரியாகக் கிடைக்காது. கொட்டாங்கச்சியின் வாயில் மெல்லிய துணியைக் கட்டிக் காயவை, இல்லாவிட்டால் எறும்பு மொய்க்கும்.

அன்புடன்,
பெரியம்மா