பள்ளி வாசலில் பைக் சாவி

ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பையன்கள் அப்பாவின் பைக்கை எடுத்துக்கொண்டு வருகிறார்கள். கண்டித்தும் பயனில்லை. மாணவர்களை வைத்தே ஏதாவது செய்ய முடியுமா?
– ஓர் ஆசிரியை, நாட்றம்பள்ளி

தாராளமாக முடியும், டீச்சர். நீங்கள் பத்து முறை சொல்வதைவிட, பக்கத்து பெஞ்சுப் பையன் ஒருமுறை சொன்னால் மனதில் ஏறும்.

முதலில் ஒரு வாரம் காலையில் நாலைந்து மாணவர்கள் நோட்டோடு வாசலில் நிற்கட்டும். எத்தனை பைக், ஒரு வண்டியில் எத்தனை பேர், ஹெல்மெட் தலையில் இருக்கிறதா கண்ணாடியில் தொங்குகிறதா என்று குறிக்கட்டும். பெயர் வேண்டாம், எண்ணிக்கை போதும். அதைக் காலை வழிபாட்டில் அவர்களே வாசிக்கட்டும். பிள்ளைகளை நெடுஞ்சாலையில் நிறுத்தி லாரிகளைக் கட்டுப்படுத்தச் சொல்லவே கூடாது. அது போலீஸ் வேலை. தமிழகத்தில் பல பள்ளிகளில் ஆர்.எஸ்.பி. என்ற மாணவர் சாலைப் பாதுகாப்புப் படை உண்டு. உங்கள் பள்ளியிலும் தொடங்க, தலைமை ஆசிரியர் மூலம் காவல்துறையைக் கேளுங்கள்.

அடுத்தது பெற்றோர் கூட்டம். 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 199ஏ பிரிவை ஒரு மாணவியே வாசிக்கட்டும். சிறுவன் ஓட்டிக் குற்றம் செய்தால் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ ரூ.25,000 அபராதம், மூன்றாண்டு வரை சிறை. வண்டிப் பதிவு ஓராண்டு ரத்து. பையனுக்கு 25 வயதுவரை லைசென்ஸ் கிடையாது. ஆம்பூர் தோல் கம்பெனி ஷிஃப்டுக்கு அதே வண்டியில் போகும் அப்பாவுக்கு இது உறைக்கும்.

பஸ் நேரம் ஒத்துவராததால் பைக் எடுப்பவர்களும் இருப்பார்கள். அவர்களையே போக்குவரத்துக் கழக டெப்போவுக்கு மனு எழுத வையுங்கள். வரும் திங்களன்றே தொடங்குங்கள்.