ரத்த அணு குறைந்தால் நோய் முற்றிவிட்டதா?

கீமோதெரபி கொடுத்த பத்தாம் நாள். ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில் வெள்ளை அணுக்கள் 2,000 என்று இருக்கிறது. 'ஐயோ, நோய் முத்திப்போச்சா?' என்று வீடே கலங்கிப்போகும்.

பதறாதீர்கள். கீமோ மருந்து வேகமாகப் பெருகும் செல்களைத் தாக்கும். எலும்பு மஜ்ஜையில் ரத்த அணுக்களை உருவாக்கும் செல்களும் அந்த ரகம்தான். அதனால் பெரும்பாலும் 7 முதல் 14 நாட்களுக்குள் எண்ணிக்கை அடிமட்டத்துக்கு இறங்கி, பிறகு மெல்ல ஏறும். (ரத்தப் புற்றுநோய்க்குக் கணக்கு வேறு. டாக்டரிடம் கேளுங்கள்.)

மொத்த எண்ணிக்கையோடு நின்றுவிடாதீர்கள். கிருமியோடு முதலில் மோதும் நியூட்ரோஃபில்களைப் பாருங்கள். சில லேப்களில் 'பாலிமார்ஃப்ஸ்' என்று போட்டிருப்பார்கள். மொத்தம் 2,000, அதில் நியூட்ரோஃபில் 20 சதவிகிதம் என்றால் 400. இது 1,500-க்குக் கீழே போனாலே குறைவு. 500-க்கும் கீழே என்றால் கிருமி தொற்றும் ஆபத்து மிக அதிகம்.

இந்த நாட்களில் காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால், 'ஒரு பாராசிட்டமால் போட்டுட்டு காலையில பார்த்துக்கலாம்' என்று இருந்துவிடாதீர்கள். மாத்திரை காய்ச்சலை மறைக்கும், கிருமியை அழிக்காது. நடுராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்குப் போய், 'கீமோ நடந்துட்டிருக்கு' என்பதை முதலில் சொல்லுங்கள். ஆன்டிபயாடிக் தாமதமானால் உயிருக்கே ஆபத்து. குளிர் நடுக்கம் வந்தாலும் இதே அவசரம்தான்.

வீட்டில் தெர்மாமீட்டர் கட்டாயம் இருக்கட்டும். சளி, இருமல் உள்ள சொந்தக்காரர்கள் போனிலேயே நலம் விசாரிக்கட்டும்.

அணுக்கள் ஏறவில்லை என்று டாக்டர் அடுத்த கீமோவைத் தள்ளிப்போட்டால் மனம் தளர வேண்டாம். உடம்பு தேறத்தான் அந்த அவகாசம்.